ரேடியோ சாரின் கடிகாரமும் பைக்காரா கரண்டும்

நம் கல்லூரியில் 1970, 80களில் இயற்பியல் படித்தவர்களுக்கு ‘ரேடியோ சார்’ யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றத் துறை நண்பர்களுக்காகவும், இன்று அதே பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கும் மாணவ மாணவியருக்காகவும் இரண்டு வார்த்தை. அவர் பேராசிரியர் அல்லர். இயற்பியல் லேபில் டெமான்ஸ்ட்ரேட்டர். கழுத்து வரை பொத்தான் போட்ட சாம்பல் நிற ஸ்வெட்டர், காதை மூடிய மஃப்ளர், சட்டைப் பையில் ஒரு டெஸ்டர். ஹாம் ரேடியோ லைசென்ஸ் வைத்திருந்தவர். பெயரை அச்சில் போட வேண்டாம் என்று அவர் மகள் கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரை முழுவதும் அவர் ரேடியோ சார்தான். நாம் கூப்பிட்டதும் அப்படித்தானே.

இன்னொன்றும் நாம் சொல்வதுண்டு. யாராவது வகுப்புக்கு லேட்டாக வந்தால், "என்னடா, ரேடியோ சார் டைமா?" என்போம். அதற்குக் காரணம் அவர் வீட்டு மேஜையில் இருந்த பெரிய ரேடியோ பெட்டி. அதன் முகப்பிலேயே ஒரு கடிகாரம் பதித்திருக்கும். அந்தக் கடிகாரம் ஒரு நாளும் சரியான நேரம் காட்டி நான் பார்த்ததில்லை. இருபது நிமிஷம், அரை மணி, எப்போதும் பின்னால்தான். ஊருக்கெல்லாம் ரேடியோ ரிப்பேர் பண்ணிக் கொடுக்கிறவர், தன் வீட்டுக் கடிகாரத்தைச் சரி பண்ண முடியாமல் வைத்திருக்கிறாரே என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். அந்தச் சிரிப்புக்கு நாற்பது வருஷம் கழித்து நானே பதில் எழுத வேண்டியதாகிவிட்டது.

சென்ற ஆண்டு சந்திப்புக்கு சாரின் மகள் ஒரு வாடகைக் காரில் அந்தப் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்தார். தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. "அண்ணா, அப்பா போனதுக்கப்புறம் இதைக் காயலான் கடைக்குப் போட மனசு வரலை. காலேஜ்லயே இருக்கட்டும். ரேடியோ பாடாட்டியும் பரவாயில்லை, கடிகாரத்தை மட்டும் ஓட வெச்சுக் குடுங்க" என்றார். கூடவே ஒரு பை நிறைய நோட்டுப் புத்தகங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் குன்னூரில் சும்மா இருப்பவன் நான் ஒருவன்தான் என்பதால், கமிட்டி பெட்டியை என் தலையில் கட்டியது.

பெட்டியைப் பற்றி முதலில். அமெரிக்காவில் ஹாமர்லுண்ட் என்றொரு கம்பெனி இருந்தது. அவர்கள் 1950களின் கடைசியில் கொண்டுவந்த எச்.கியூ-180 என்ற வரிசை ரிசீவர், ஹாம்கள் மத்தியில் பேர் போனது. பதினெட்டு வால்வுகள். மீடியம் வேவிலிருந்து ஷார்ட் வேவ் முழுவதும் கேட்கும். பெயருக்குப் பின்னால் ‘சி’ என்ற எழுத்து இருந்தால் உள்ளே கடிகாரம் உண்டு என்று அர்த்தம். சாருடையது அந்த ‘சி’ ரகம். எஸ்டேட்டை விற்றுவிட்டுக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார துரையிடம் வாங்கியது என்று அவர் சொன்னது ஞாபகம். இந்தப் பக்கத்தில் அப்படிக் கைமாறிய பொருட்கள் ஏராளம். பியானோ, பில்லியர்ட்ஸ் மேஜை, கொஞ்சம் நாய்கள்கூட.

ரேடியோவுக்குள் கடிகாரம் எதற்கு என்று இன்றைய பிள்ளைகள் கேட்கலாம். அழகுக்கு அல்ல. வால்வு செட் போட்டவுடன் நிலையாக நிற்காது. சூடேறும் வரை ஸ்டேஷன் நழுவிக்கொண்டே இருக்கும். இன்ன மணிக்கு ஒருவரோடு பேச வேண்டும் என்றால், அதற்கு அரை மணி முன்னதாகவே செட் போட்டிருக்க வேண்டும். அதிகாலை நாலு மணிக்கு, ஊட்டிக் குளிரில், யார் எழுந்து போடுவது? கடிகாரம் தானே போட்டுவிடும். இரண்டாவது காரணம் லாக் புத்தகம். ஹாம் லைசென்ஸ் வைத்திருப்பவர் யாரோடு, எந்த அலைவரிசையில், எந்த நேரத்தில் பேசினார் என்பதை எழுதி வைப்பது சட்டம். உலகம் முழுக்க ஒரே கணக்காக இருக்க வேண்டும் என்று கிரீன்விச் நேரத்தில் எழுதுவார்கள். பேசி முடித்ததும் இரு பக்கமும் அட்டை அனுப்பிக்கொள்வார்கள். அட்டையில் உள்ள நேரம் அவர் லாக்கிலும் இவர் லாக்கிலும் ஒத்துப் போக வேண்டும்.

சாருக்கு அங்கேதான் முதல் அடி. டிரான்ஸ்மிட்டரை அவரே செய்திருந்தார். சென்னை மூர் மார்க்கெட்டில் யுத்த கால டிஸ்போசல் சாமான்களோடு வந்த 807 வால்வு, உள்ளூர்த் தகரம், கையால் சுற்றிய காயில். அதை வைத்துக்கொண்டு பசிபிக் தீவு ஒன்றில் இருந்த ஒருவரை ஒரு இரவு பிடித்தார். மாதக்கணக்கில் காத்திருந்து வந்த பதிலில், ‘அந்த நேரத்தில் உங்கள் பெயர் என் லாக்கில் இல்லை’ என்று எழுதியிருந்தது. காரணம் கடிகாரம். லாக்கில் அவர் எழுதிய நேரம் அரை மணி தப்பு. அந்த அட்டையை அவர் கிழித்துப் போடவில்லை. நோட்டுகளோடு அதுவும் பையில் இருந்தது.

இனி ரிப்பேர் கதை.

வால்வு செட்டைத் திறக்கும் மாணவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கண்டென்சர்களில் இருநூறு, முந்நூறு வோல்ட் தங்கியிருக்கும். முதலில் அதை இறக்க வேண்டும். அப்புறம்தான் கை. நான் ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தேன். இது ரேடியோ சார் சொல்லிக் கொடுத்த பழக்கம்.

கடிகாரம் டெலிக்ரான் வகை. அதில் ஸ்பிரிங் கிடையாது, பெண்டுலம் கிடையாது, பாட்டரி கிடையாது. ஒரு காயில், அதன் நடுவே உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு மூடிய உலோக டப்பா, அவ்வளவுதான். அந்த டப்பாவுக்குள் ஒரு சின்ன ரோட்டாரும், அதன் வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரங்களும் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். உள்ளே நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும், வெளியே வரும்போது மெதுவாக வரும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். காயில் உயிரோடு இருந்தது. 110 வோல்ட் கொடுத்தால் லேசான உறுமல் கேட்டது, முள் நகரவில்லை. செட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டினேன். நகர்ந்தது! பத்து நிமிஷம் ஓடி, ஆறியதும் நின்றுவிட்டது. வியாதி புரிந்தது. அரை நூற்றாண்டில் உள்ளே இருந்த எண்ணெய் வற்றிப் பிசினாகிவிட்டது. இந்தச் சாதிக் கடிகாரங்கள் வயதானால் எல்லாவற்றுக்கும் வருகிற வியாதிதான், யாருடைய குற்றமும் அல்ல.

வைத்தியமும் தெரிந்ததுதான். டப்பாவின் ஓரத்தில், உள்ளே சக்கரம் இல்லாத இடமாகப் பார்த்து, குண்டூசி நுழைகிற அளவு ஒரு துளை. டப்பாவைச் சூடாக்கினால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். அப்படியே துளை மேல் மெல்லிய கடிகார எண்ணெயை ஒரு சொட்டு வைத்து ஆறவிட்டால், காற்று சுருங்கும்போது எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். நாலைந்து தடவை இப்படி. அப்புறம் துளையை ஈயம் வைத்து அடைக்க வேண்டும். முதல் தடவை ஈயப் பற்று வைக்கும்போது சூட்டில் எண்ணெய் எல்லாம் கொப்பளித்து வெளியே வந்துவிட்டது. என் அவசரம். மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் தடவை சுத்தமாக உட்கார்ந்தது. ராத்திரி முழுக்க ஓடவிட்டு, காலையில் எழுந்து பார்த்தேன், ஓடிக்கொண்டிருந்தது. மனைவி, "இதுக்கா மூணு வாரம்?" என்றாள்.

மூன்று வாரம் பிடித்தது எண்ணெயால் அல்ல. கடிகாரத்தைக் கழற்றியபோது கண்ணில் பட்ட ஒரு பித்தளைச் சக்கரத்தால்.

மற்ற சக்கரங்கள் எல்லாம் கம்பெனி வேலை, அச்சில் வார்த்த மாதிரி. இந்த ஒரு ஜோடி மட்டும் கையால் வெட்டிய பல். அரம் போட்ட அடையாளம் தெரிந்தது. பெட்டியின் அடித்தகட்டில் ஒட்டியிருந்த பழுப்புக் கவருக்குள் கம்பெனி ஜோடி பத்திரமாக இருந்தது. கவர் மேல் சாரின் கையெழுத்தில் ‘60’ என்று மட்டும் எழுதியிருந்தது.

இது புரிய வேண்டுமானால் ஹென்றி வாரன் என்பவரைப் பற்றித் தெரிய வேண்டும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஆஷ்லண்ட் ஊர்க்காரர். வீட்டுக்கு வருகிற மாறுமின்சாரம் வினாடிக்கு இத்தனை தடவை என்று திசை மாறுகிறது அல்லவா? அந்தத் துடிப்போடு இம்மியும் பிசகாமல் சேர்ந்து சுற்றும் ஒரு சின்ன மோட்டாரை அவர் செய்தார். துடிப்பு சரியாக இருந்தால் மோட்டார் சரியாகச் சுற்றும், முள்ளும் சரியாக நகரும். ஆனால் செய்து பார்த்தால் கடிகாரம் தப்பு நேரம் காட்டியது. கோளாறு கடிகாரத்தில் இல்லை, மின் நிலையத்தில் இருந்தது. வினாடிக்கு 60 என்று சொல்லிக்கொண்டார்களே தவிர, அதை யாரும் அவ்வளவு கறாராகப் பார்க்கவில்லை. விளக்கு எரிந்தால் போதும் என்றிருந்த காலம். வாரன் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு முள் உள்ள ஒரு பெரிய கடிகாரத்தைச் செய்து, 1916ல் பாஸ்டன் மின் நிலையத்திலேயே கொண்டுபோய் மாட்டினார். ஒரு முள் பெண்டுலத்தால் ஓடும். அது உண்மையான நேரம். இன்னொரு முள் அவர்கள் தயாரிக்கும் கரண்டால் ஓடும். இரண்டு முள்ளும் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும்படி டர்பைனைக் கூட்டிக் குறைக்க வேண்டியது ஆப்பரேட்டரின் வேலை. அதற்குப் பிறகுதான் வீட்டுக் கடிகாரங்கள் சரியான நேரம் காட்டின.

அமெரிக்காவில் 60 துடிப்பு. நம் நாட்டில் 50. துரை வீட்டிலிருந்து வந்த பெட்டியை அப்படியே நம் கரண்டில் மாட்டினால், ஒரு மணி நேரத்தில் கடிகாரம் 50 நிமிஷம்தான் நகரும். ஒரு நாளில் நாலு மணி நேரம் பின்னால். சார் 6க்கு 5 என்ற கணக்கில் ஒரு ஜோடிச் சக்கரத்தைத் தானே வெட்டிப் போட்டு அதைச் சரிக்கட்டியிருக்கிறார். நம்ம லேபில் இருந்த பழைய லேத்தை யார் யார் பார்த்திருக்கிறீர்கள்? அதில் செய்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். வேலை அவ்வளவு சுத்தம். 50 துடிப்பு வந்தால் அந்தக் கடிகாரம் மிகச் சரியாக ஓடியிருக்கும்.

50 வரவில்லை. அதுதான் விஷயம்.

நம் மலையின் கரண்ட் கதை பழையது. காட்டேரி அருவித் தண்ணீரில் மின்சாரம் எடுத்து அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையை ஓட்டியதுதான் முதல் கதை. பெரிய கதை பைக்காரா. சென்னை மாகாண அரசின் முதல் பெரிய நீர்மின் திட்டம் அது. 1929ல் வேலை தொடங்கி 1932ல் உற்பத்தி. கிளென்மார்கன் மேட்டிலிருந்து சிங்காரா வரை மூவாயிரம் அடிக்கு மேல் குழாயில் தண்ணீர் விழுந்து டர்பைனை அடிக்கிறது. உலகத்திலேயே அவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற நிலையங்கள் அந்தக் காலத்தில் விரல் விட்டு எண்ணக்கூடியவை. அந்தக் கரண்ட் போய்த்தான் கோவையில் மில்கள் பெருகின. பிறகு 1937ல் மேட்டூர், 1944ல் பாபநாசம், 1952ல் மோயாறு, 1960 முதல் கனடா உதவியோடு நம் குந்தா, 1962ல் நெய்வேலி அனல் நிலையம் என்று ஒவ்வொன்றாக வந்து எல்லாம் கம்பியால் பிணைக்கப்பட்டன. அண்டை மாநிலங்களும் சேர்ந்தன.

பிணைத்தால் என்ன ஆகும்? அத்தனை ஜெனரேட்டர்களும் ஒரே தாளத்தில்தான் சுற்றும். சிங்காராவில் ஒன்று வேகமாக, நெய்வேலியில் ஒன்று மெதுவாக என்று கிடையாது. எல்லோருமாகச் சேர்ந்து இழுக்கும் ஒரே தேர். பர்லியார் தாண்டி ஏற்றத்தில் வரும் பஸ்ஸைப் பாருங்கள். நாற்பது பேர் ஏற வேண்டிய இடத்தில் எண்பது பேர் ஏறினால் என்ஜின் முக்கும், வேகம் குறையும். கிரிட்டும் அதேதான். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போட்டு, சமவெளியில் பம்ப்செட் எல்லாம் ஓடும்போது, உற்பத்தியைவிட இழுப்பு அதிகமானால், தென்னிந்தியா முழுக்க எல்லா ஜெனரேட்டரும் சேர்ந்து மெதுவாகும். 50 என்பது 49 ஆகும், 48.5 ஆகும். 1980, 90களில் 48க்கும் கீழே இறங்கிய நேரங்களும் உண்டு. பல்பு எரியும், மிக்ஸி சுற்றும், யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆனால் துடிப்பை எண்ணி ஓடும் ஒரு கடிகாரத்துக்குத் தெரியும்.

கணக்கு ரொம்பச் சுலபம். நாள் ஒன்றுக்கு 1440 நிமிஷம். கடிகாரம் 30 நிமிஷம் பின்தங்கினால், அன்றைய சராசரி 50ல் 1440க்கு 30 பங்கு குறைவு. அதாவது 48.96. 43 நிமிஷம் பின்தங்கினால் 48.5.

இந்தக் கணக்கை நான் ஒரு துண்டுச் சீட்டில் போட்டுவிட்டு, பெரிய கண்டுபிடிப்பு செய்தவன் மாதிரி மகளுக்கு போன் செய்தேன். அவர் அமைதியாக, "அண்ணா, அப்பா நோட்டைப் பிரிச்சுப் பாத்தீங்களா?" என்றார்.

வெட்கத்தோடு சொல்கிறேன், பார்க்கவில்லை. லாக் புத்தகம்தானே என்று ஒதுக்கி வைத்திருந்தேன். அவை லாக் அல்ல. அட்டை திரும்பி வந்த பிறகு சார் லாக்குக்கு அந்தக் கடிகாரத்தைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டார். தினமும் காலையில் 10 மெகாஹெர்ட்ஸில் டில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் ஏ.டி.ஏ. ஸ்டேஷனைப் பிடிப்பார். அது பாட்டுப் பாடாது, நியூஸ் சொல்லாது, வினாடிக்கு ஒரு டிக் மட்டும். அதில் கையிலிருந்த எச்.எம்.டி. வாட்சைச் சரி பண்ணிக்கொண்டு லாக் எழுதுவார். பெட்டிக் கடிகாரம் எவ்வளவு பின்தங்கியது என்று பார்த்து, இந்த நோட்டில் ஒரு எண். பிறகு கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு வைத்துவிடுவார். மறுநாள் காலை மறுபடி. முதல் நோட்டின் அட்டைக்கு உள்பக்கம், கட்டம் போட்டு, ‘1 நிமிஷம் = 0.035 சைக்கிள்’ என்று எழுதியிருக்கிறது. ஹெர்ட்ஸ் என்ற பேர் பழக்கத்துக்கு வருமுன் அதைச் சைக்கிள் என்றுதான் சொல்வோம். 50ஐ 1440ஆல் வகுத்துப் பாருங்கள்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது! நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த வருஷங்களில் எல்லாம் தெரிந்திருக்கிறது. வீட்டில் யாராவது கேட்டால், "கடிகாரம் கரெக்ட். கரண்ட்தான் லேட்டு" என்பாராம். ஜோக் என்று நினைத்துக்கொண்டிருந்தோம் என்கிறார் மகள்.

நோட்டுகளில் உட்கார்ந்தேன். 1974 முதல் 2004 வரை. இடையில் விட்டுப்போன மாதங்கள் உண்டு. கரண்ட் போன நாளில் சிவப்பு மையில் ‘க’ என்று போட்டு, எத்தனை நிமிஷம் என்று எழுதியிருக்கிறார். மோட்டார் நின்றால் கடிகாரமும் நின்று, கரண்ட் வந்ததும் தானே கிளம்பும். அந்த நிமிஷங்களைக் கழிக்காமல் கணக்குப் போட்டால் எல்லாம் தப்பாகிவிடும். 1993 நவம்பர் பக்கங்களில் சிவப்பு மை அதிகம். குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் மரப்பாலம் அருகே மண் சரிந்து உயிர்களைக் கொண்டுபோன மாதம் அது. மழைக்கால எண்கள் சின்னதாகவும், கோடையில் பெரிதாகவும் போகின்றன. அணையில் தண்ணீர் இருக்கிறதா என்பது ஒரு கடிகாரத்தில் தெரிகிறது. 80களிலும் 90களிலும் இருபதுகளும் முப்பதுகளும் சாதாரணம். சில நாள் அதற்கும் மேல்.

பிறகு 2003 ஜனவரி. எண்கள் சட்டென்று சுருங்குகின்றன. சார் ரிட்டையராகி வருஷக்கணக்காகியும் விடாமல் எழுதிக்கொண்டிருந்த காலம். அந்தப் பக்கத்தில் ஒரு எண்ணின் அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார். விளக்கம் ஒன்றும் எழுதவில்லை. காரணம் எனக்குப் பிறகுதான் கிடைத்தது. தெற்கு மாநிலங்களில் 2003 ஜனவரி 1 முதல் புதிய கட்டண முறை வந்தது. துடிப்பு குறைந்திருக்கும் நேரத்தில், ஒதுக்கியதற்கு மேல் கரண்ட் இழுக்கும் மாநிலம் அதிக விலை கொடுக்க வேண்டும். குறைவாக இழுத்தால் லாபம். இருபது வருஷம் வேண்டுகோளாலும் கூட்டத்தாலும் நடக்காதது சில வாரங்களில் நடந்தது. நான் கோவையில் வேலையில் இருந்தேன், செய்தித்தாள் படித்தேன், ஒன்றும் கவனிக்கவில்லை. இங்கே ஒரு மேஜையில், ஒரு பழைய ரேடியோ முன்னால், ஒருவர் அதைக் கடிகாரத்தில் பார்த்திருக்கிறார்.

ஒரு இடைச்செருகல். மாணவர்களாக எங்களை அவர் முத்தொரை ரேடியோ தொலைநோக்கிக்கு அழைத்துப் போனார். 1970ல் கட்டியது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். நம் ஊர் அட்சரேகை 11 டிகிரி. அதே 11 டிகிரி சரிவுள்ள மலையாகத் தேடிப் பிடித்து அதன் மேல் வடக்கு தெற்காகப் படுக்க வைத்ததால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. ஒரே திசையில் மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தால் போதும், வானத்தில் ஒரு பொருளை ஒன்பதரை மணி நேரம் விடாமல் தொடரலாம். சார் அங்கே நின்று, "பாருங்கடா, இதுதான் நீலகிரியிலேயே பெரிய கடிகாரம்" என்றார். அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. அதே நாள்தான் இன்னொன்றும் சொன்னார். 1906ல் நாடு முழுதும் ஒரே நேரம் என்று வைத்தபோது அதற்கு 82.5 டிகிரி தீர்க்கரேகையை எடுத்துக்கொண்டார்கள். ஊட்டி 76.7ல் இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிஷம். ஆகவே ஊட்டிச் சூரியன் இந்திய நேரத்துக்கு 23 நிமிஷம் பின்னால். "எங்க வீட்டுக் கடிகாரம் சூரியனைப் பாத்து ஓடுதுடா" என்று சிரித்தார். அதையும் நாங்கள் சாக்குப்போக்கு என்றே எடுத்துக்கொண்டோம்.

கடிகாரம் ஓட ஆரம்பித்ததும் எங்கள் பேட்சுக்குள் சண்டை வந்தது. எழுதத்தான் வேண்டும். ஒரு நண்பர், "காலேஜுக்குக் குடுக்கற சாமான், டைம் கரெக்டா காட்டணும். உள்ள இருக்கறதைத் தூக்கிப் போட்டுட்டு நூறு ரூபா குவார்ட்ஸ் மிஷினை வெச்சிரு, எவனுக்குத் தெரியப்போகுது?" என்றார். எனக்குத் தெரியும் என்றேன். இன்னொருவர் மரியாதையான வழி சொன்னார்: கவருக்குள் இருக்கும் கம்பெனிச் சக்கரத்தைத் திரும்பப் போட்டுவிடு. டி.வி.யில் வரும் 3.58 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை வைத்து அதை 60ஆக வகுத்துக் கொடுக்கும் ஐ.சி. உண்டு. பின்னால் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர், ஒரு டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பிப் போட்டு 110 வோல்ட். மோட்டார் குடிப்பது இரண்டு மூன்று வாட்தான். கிரிட் எப்படிப் போனாலும் கடிகாரம் சரியாக ஓடும். பழையது பழையபடியே இருக்கும். உலகத்தில் பல பேர் இப்படித்தான் செய்கிறார்கள். நல்ல யோசனை. சர்க்யூட்டைக்கூடப் போட்டுப் பார்த்தேன், அருமையாக ஓடியது.

ஆனாலும் கழற்றிவிட்டேன். அந்த ஐ.சி. சாருக்கும் தெரியும். 80களின் கடைசியிலேயே லேபில் ஒரு பையனுக்கு புராஜெக்டாக அதைக் கொடுத்திருக்கிறார். தன் கடிகாரத்தில் போடவில்லை. கடிகாரத்தை நேரத்துக்காக அவர் வைத்திருக்கவில்லை என்னும்போது, நான் அதை நேரம் காட்ட வைத்தால் அது ரிப்பேர் ஆகுமா? அவர் வெட்டிய பித்தளைச் சக்கரம் அதே இடத்தில் இருக்கிறது. கம்பெனிச் சக்கரம் அதே கவரில். நண்பருக்கு இன்னும் வருத்தம்தான். சந்திப்புக்கு வருவார், நேரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியை லேபில் வைத்து வீட்டுக் கரண்டிலேயே, ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக, விட்டிருக்கிறோம். செட் ஆஃப் ஆக இருந்தாலும் கடிகாரம் ஓட வேண்டும் என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். சார் அதன் மேல்தான் டீ டம்ளரை வைப்பார். அந்தச் சூடுதான் இத்தனை வருஷம் ஊட்டி ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் செட்டைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

இப்போது எவ்வளவு பின்தங்குகிறது என்று கேட்பீர்கள். 2013 டிசம்பர் 31ல் தென்னகக் கிரிட் நாட்டின் மற்றக் கிரிட்டோடு இணைந்துவிட்டது. துடிப்பு 49.90க்கும் 50.05க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்பது 2014ல் வந்த விதி. முதல் பத்து நாள் நானே பார்த்தேன். கரண்ட் போகாத நாளில் ஒரு நிமிஷத்தைத் தாண்டவில்லை. ஒரு நாள் சில வினாடி முன்னாலும் போனது. சார் இருந்திருந்தால் அதற்கும் அடியில் இரண்டு கோடு போட்டிருப்பார். ஏ.டி.ஏ.வைத் தேட வேண்டியதில்லை, மாணவர்கள் கையில் இருக்கும் செல்போனே போதும்.

பக்கத்தில் ஒரு புது நோட்டும், நூலில் கட்டிய பென்சிலும், ஒரு சிவப்புப் பேனாவும் வைத்திருக்கிறேன். சென்ற வாரம் போய்ப் பார்த்தபோது இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் எழுதியிருந்தார்: ‘செவ்வாய். 40 நிமிஷம் பின்னால். க – காலை 9.20 முதல் 10 வரை.’ ‘க’ மட்டும் சிவப்பில்.